ஏ.சி.எல்.எஸ். தேர்வில் சிஸ்டர்தான் லீடர்

ஏ.சி.எல்.எஸ். என்பது இதயம் நின்றுபோனவரை மீட்கும் மேல்நிலைப் பயிற்சி. அதன் செய்முறைத் தேர்வுதான் மெகாகோடு: டம்மியை நோயாளியாக வைத்துக் குழுவை நடத்திக் காட்ட வேண்டும். மருந்தளவு தெரியாமல் அதில் திணறுகிற நர்ஸ்கள் குறைவு. வாய் திறக்க முடியாமல் திணறுகிறவர்களே அதிகம். வருடக்கணக்காக "டாக்டர் சொன்னார், போட்டேன்" என்று வேலை பார்த்த நாக்குக்கு, "நீங்க கம்ப்ரஷன், நீங்க ஏர்வே, நீங்க மருந்து" என்று ஆள் பிரித்துச் சொல்வது லேசில் வராது. ஏ.சி.எல்.எஸ். அதைத்தான் கேட்கிறது. டம்மியின் கால்மாட்டில் நின்று, மானிட்டரைப் பார்த்து, ரிதத்தின் (இதய மின்துடிப்பின் நடை) பெயரைச் சத்தமாகச் சொல்லி, அடுத்த வேலையை உத்தரவாகக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே தயாரிப்பில் பாதி நேரம் புத்தகத்துக்கு, மீதிப் பாதி குரலுக்கும் கைக்கும்.

முதலில் எந்த அமைப்பின் தேர்ச்சிக் கார்டு வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். வளைகுடா வேலைக்கோ, பெரிய தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வுக்கோ போகிறவர்களிடம் பெரும்பாலும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டைத்தான் கேட்பார்கள். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் வழியாக வந்த இந்தியன் ரிசஸிடேஷன் கவுன்சிலின் பி.சி.எல்.எஸ்., சி.சி.எல்.எஸ். (அடிப்படை, விரிவான உயிர்காப்பு) பயிற்சிகளும் நல்லவைதான். ஆனால் அது வேறு கார்டு. பணம் கட்டும் முன் வேலை கொடுக்கும் இடத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்டர் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பாருங்கள். கடைசியில் கைக்கு வர வேண்டியது கோடு எண்ணும் க்யூ.ஆரும் உள்ள இ-கார்டு. வெறும் அச்சடித்த சான்றிதழ் மட்டும் தருவோம் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பலர் கோர்ஸுக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். முழு கோர்ஸ் வழக்கமாக 2 நாள். இரண்டு நாளும் காலை முதல் மாலை வரை நின்றபடி, முட்டி போட்டபடி வேலை. நைட் ட்யூட்டி முடித்து அப்படியே ரயில் ஏறிப் போகாதீர்கள். தூக்கம் இல்லாத கண்ணுக்கு மானிட்டரில் செகண்ட் டிகிரி பிளாக்கும் தேர்ட் டிகிரி பிளாக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி, முந்தின நாளும் சேர்த்து 3 நாள் ஆஃப் வாங்குங்கள். சேலை வேண்டாம், சுடிதாரோ பேண்ட்டோ போடுங்கள். தரையில் முட்டி போட்டு 2 நிமிடம் அழுத்தும்போது சேலை காலில் சிக்கும்.

பழைய நோட்ஸை நம்ப வேண்டாம்

ஹாஸ்டலில் சீனியர் விட்டுப் போன ஜெராக்ஸ் ஆபத்தானது. அசிஸ்டோலிக்கு (மின்துடிப்பே நின்று நேர்கோடு ஓடுவது) அட்ரோபின் என்று இருந்தால் அது 2010-க்கு முந்தியது. வாசோபிரஸ்ஸின் இருந்தால் 2015-க்கு முந்தியது. பிராடிகார்டியாவுக்கு (துடிப்பு மெதுவாவது) அட்ரோபின் 0.5 மி.கி. என்று இருந்தால் 2020-க்கு முந்தியது. இப்போது ஒரு முறைக்கு 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 3 மி.கி. வரை. 2025 அக்டோபரில் வந்த புது வழிகாட்டுதலில் இன்னும் சில மாறின. பெரியவர்களுக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் முதுகில் 5 அடி, பிறகு வயிற்றில் 5 அழுத்து என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஏ.எஃப்.க்கு (இதய மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது) சிங்க்ரனைஸ்டு ஷாக் (துடிப்போடு நேரம் பொருத்திக் கொடுப்பது) கொடுத்தால் முதல் அளவே குறைந்தது 200 ஜூல். உங்கள் சென்டர் எந்த ஆண்டுப் புத்தகத்தை வைத்து நடத்துகிறது என்று பதிவு செய்யும் அன்றே கேளுங்கள். தேர்வு அந்தப் புத்தகப்படிதான்.

கோர்ஸுக்கு முன் ஆன்லைனில் ஒரு சுயமதிப்பீடு உண்டு. ரிதம், மருந்து, நடைமுறை மூன்றும் கலந்து வரும். குறைந்தது 70 சதவீதம் எடுத்து, அந்தச் சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் சிலர் விடையை மனப்பாடம் செய்து 90 வாங்கிவிடுகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. முதல் தடவை யாரிடமும் கேட்காமல் எழுதுங்கள். தப்பானவை எந்தப் பகுதியில் குவிகின்றன என்று பாருங்கள். படிக்க வேண்டியது அந்தப் பகுதிதான்.

ரிதம்

ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் ஒருவருக்கு 3 முதல் 4 வாரம் போதும். தினம் 20 நிமிடம் ரிதம் மட்டும் பாருங்கள். 10 வினாடிக்குள் பெயர் சொல்ல வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்வது கணக்கில் இல்லை.

பல்ஸ் இல்லாத நோயாளிக்கு நான்கே ரிதம்: வி.எஃப். (கீழறை வெறுமனே நடுங்குவது), பல்ஸ் இல்லாத வி.டி. (கீழறை மிக வேகமாகத் துடிப்பது), பி.இ.ஏ. (மானிட்டரில் மின்துடிப்பு உண்டு, பல்ஸ் இல்லை), அசிஸ்டோலி. முதல் இரண்டுக்கு ஷாக் உண்டு, அடுத்த இரண்டுக்குக் கிடையாது. மானிட்டரில் அழகான சைனஸ் (இயல்பான ரிதம்) ஓடினாலும் கழுத்தில் பல்ஸ் இல்லையென்றால் அது பி.இ.ஏ.தான். இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. நேர்கோடு தெரிந்தால் லீட் கழன்றிருக்கிறதா, கெயின் குறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அசிஸ்டோலி என்று சொல்லுங்கள்.

மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போவது தடைபடும் ஏ.வி. பிளாக் குழப்பினால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை பயணி, கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். பஸ். ஒவ்வொரு பயணிக்கும் பஸ் வருகிறது, ஆனால் எல்லா நடையிலும் ஒரே அளவு தாமதம். அது ஃபர்ஸ்ட் டிகிரி, பி.ஆர். (பி-யிலிருந்து கியூ.ஆர்.எஸ். வரை உள்ள நேரம்) 0.20 வினாடிக்கு மேல். தாமதம் நடைக்கு நடை கூடிக்கொண்டே போய், ஒரு நடை வராமலே போய்விட்டது. அது செகண்ட் டிகிரியின் முதல் வகை, வென்கிபாக். வருகிற பஸ் எல்லாம் ஒரே கணக்கில் வருகிறது, திடீரென்று ஒரு நடை மட்டும் இல்லை. அது செகண்ட் டிகிரியின் இரண்டாம் வகை, மோபிட்ஸ் 2. பயணி தன் கணக்கில் வருகிறார், பஸ் தன் கணக்கில் போகிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அது தேர்ட் டிகிரி. கடைசி இரண்டிலும் அட்ரோபின் வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். அட்ரோபினுக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்காமல் பேசிங் பேடை (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைப்பது) ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றே: நோயாளி நிலையாக இருக்கிறாரா, இல்லையா? பிரஷர் இறங்கியிருக்கிறதா, நினைவு மாறியிருக்கிறதா, ரத்த ஓட்டம் குலைந்த ஷாக் நிலையின் அறிகுறி உண்டா, நெஞ்சுவலி உண்டா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்ற ஐந்தையும் கேட்க வேண்டும். இதில் ஒன்று இருந்து, அதற்குக் காரணம் இதயத் துடிப்பின் வேகமேதான் என்றால் 150-க்கு மேல் ஓடுகிறவருக்கு சிங்க்ரனைஸ்டு ஷாக். துடிப்பு 50-க்குக் கீழே என்றால் அட்ரோபின். அது பலிக்காவிட்டால் பேசிங், அல்லது டோபமைன், அட்ரினலின் சொட்டு. நிலையாக இருப்பவருக்கு அவசரப்பட்டு ஷாக் சொன்னாலும் மதிப்பெண் போகும்.

ஆம்பூல் கணக்கு

புத்தகம் அமெரிக்க சிரிஞ்சை வைத்து எழுதப்பட்டது. நம் எமர்ஜென்சி டிராலியில் இருப்பது ஆம்பூல். இந்த இடைவெளியை நீங்களேதான் நிரப்ப வேண்டும். படிக்கிற காலத்திலேயே உங்கள் வார்டு டிராலியைத் திறந்து, லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

அட்ரோபின் நம்மிடம் பெரும்பாலும் 1 மி.லி.யில் 0.6 மி.கி. என்றுதான் வரும். 1 மி.கி. என்றால் ஒரு ஆம்பூல் போதாது, இரண்டு முழுதாகப் போட்டால் 1.2. இரண்டை உடைத்து ஒரே சிரிஞ்சில் எடுத்து, 0.3 மி.லி. வெளியே தள்ளிவிட்டு 1.7 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய 1 மி.கி. ஆயிற்று. படபடப்பில் "ஒரு ஆம்பூல் அட்ரோபின்" என்று சொல்லிப் பழகிய வாய் தேர்விலும் அதையே சொல்லும். ஆம்பூல் கணக்கில் சொல்லாதீர்கள். எப்போதும் மில்லிகிராமில் சொல்லுங்கள்.

அட்ரினலின் 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. கார்டியாக் அரெஸ்டில் 1 மி.கி. ஐ.வி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. மருந்து போனதும் 20 மி.லி. சலைன் ஃப்ளஷ், கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரத்த ஓட்டம் அழுத்துகிறவர் கையில் மட்டும் இருக்கும் நேரம் அது. ஃப்ளஷ் இல்லாவிட்டால் மருந்து முழங்கையிலேயே நின்றுவிடும். அனஃபிலாக்ஸிஸுக்குத் தசையில் போடும் 0.5 மி.கி. கணக்கை இதோடு கலந்துவிடாதீர்கள். சொட்டாகப் போடச் சொன்னால் நிமிடத்துக்கு 2 முதல் 10 மைக்ரோகிராம். 1 மி.கி.யை 50 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 20 மைக்ரோகிராம். பம்பில் மணிக்கு 6 மி.லி. வைத்தால் நிமிடத்துக்கு 2, மணிக்கு 30 மி.லி. வைத்தால் 10.

அமியோடரோன் 3 மி.லி. ஆம்பூலில் 150 மி.கி. மூன்றாவது ஷாக்குக்கும் அடங்காத வி.எஃப்.க்கு 300 மி.கி., அதாவது இரண்டு ஆம்பூல். அடுத்த முறை 150. பல்ஸ் இருந்து நிலையாகவும் இருக்கும் வி.டி.க்கு 150 மி.கி.யை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 நிமிடத்தில். ஒரே மருந்து, இரண்டு வேகம். கேள்வித்தாளில் இதை மாற்றிக் கேட்பார்கள்.

டோபமைன் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம். 200 மி.கி. ஆம்பூலை 50 மி.லி. ஆக்கினால், 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 4.5 மி.லி. என்பது 5 மைக்ரோகிராம், மணிக்கு 18 மி.லி. என்பது 20. டார்சாட்ஸ் என்ற முறுக்கிய வி.டி.க்கு மக்னீசியம் 1 முதல் 2 கிராம். 50 சதவீத ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும்.

மேலறைப் பக்கமிருந்து வரும் வேகத் துடிப்பை அடக்கும் அடினோசினைக் கொடுப்பதில் மருந்தறிவை விடக் கைவேகம் முக்கியம். உடம்பில் சில வினாடிதான் நிற்கும். புறங்கையில் நீல கேனுலா போட்டிருந்தால் அது நெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். முழங்கை மடிப்பில் பெரிய கேனுலா. த்ரீ-வேயின் (மூவழி இணைப்பு) ஒரு வாயில் 6 மி.கி., மற்றொரு வாயில் 20 மி.லி. சலைன். மருந்தைத் தள்ளிய கையோடு சலைனையும் தள்ள வேண்டும், நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. பலிக்காவிட்டால் 12 மி.கி. "நெஞ்சை அடைக்கிற மாதிரி சில வினாடி இருக்கும், உடனே போயிடும்" என்று நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். மானிட்டரில் கொஞ்ச நேரம் நேர்கோடு ஓடும், பதற வேண்டாம். ஆஸ்துமா உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

கை

மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். 30 அழுத்து 15 முதல் 18 வினாடியில் முடிய வேண்டும். ஃபோனில் மெட்ரோனோம் ஆப்பை 110-க்கு வைத்து, தரையில் கட்டியான தலையணையைப் போட்டுத் தினம் 2 நிமிடம் முழுதாகச் செய்யுங்கள். 2 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஒரு தடவை செய்து பார்த்தால் கைக்குத் தெரிந்துவிடும். களைத்த கை முதலில் ஆழத்தைக் குறைக்கும், பிறகு மேலே சாய்ந்துகொள்ளும். சாய்ந்தால் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கு ஆள் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அம்பு பேகில் (கையால் மூச்சு ஊதும் பை) செய்யும் தப்பு எல்லாருக்கும் பொது: வேகம். பயத்தில் கை பிசைந்துகொண்டே இருக்கும். மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகு 6 வினாடிக்கு ஒரு மூச்சு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு மூச்சு 1 வினாடி, மார்பு எழும்பினால் போதும், பையை முழுதாகக் கசக்க வேண்டாம். அதிகம் ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். போதாததற்கு வயிறு உப்பி வாந்தி வரும். ஓரல் ஏர்வேயை (நாக்கு அடைக்காமல் வாயில் வைக்கும் குழல்) வாயோரத்திலிருந்து தாடைக் கோணம் வரை வைத்து அளவு பாருங்கள். இருமல், குமட்டல் உணர்வு இருப்பவருக்கு அது வேண்டாம்.

பல்ஸ் இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்ற நிலையைப் புத்தகத்தில் தனியாகப் படிப்போம், அது எங்கே வரும் என்று தோன்றாது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவரைக் கட்டுவிரியன் கடித்தால் வருவது அதுதான். மூச்சுத் தசை ஓய்ந்திருக்கும், பல்ஸ் நன்றாக இருக்கும். 6 வினாடிக்கு ஒரு மூச்சு, 2 நிமிடத்துக்கு ஒரு தடவை பல்ஸ் பார்க்க வேண்டும். மார்பை அழுத்த வேண்டாம்.

இதயம் நிற்பதற்கான, ஆங்கிலத்தில் ஹெச்சில் ஐந்தும் டியில் ஐந்துமாகத் தொடங்கும் ஹெச் 5, டி 5 என்கிற காரணப் பட்டியலையும் இப்படி நம் காஷுவாலிட்டியை வைத்தே மனதில் ஏற்றலாம். முட்டம் கடலிலோ குழித்துறை ஆற்றிலோ மூழ்கியவர் என்றால் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே மூச்சுக்குத்தான் முதலிடம். அரளி விதை தின்றவர் என்றால் டாக்ஸின். துடிப்பு மந்தமாகி பிளாக் வரும், பொட்டாசியமும் ஏறலாம். இரண்டு டயாலிசிஸ் தவறவிட்டவர் என்றால் காரணம் ஏறிய பொட்டாசியம். அதற்குக் கால்சியம் கொடுக்கக் கேளுங்கள். பிரசவத்தில் ரத்தம் போனவர் என்றால் வால்யூம் (ரத்த அளவு) குறைவு. நீண்ட காலம் படுத்திருந்து திடீரென்று சரிந்தவர் என்றால் நுரையீரலில் ரத்தக்கட்டி. மெகாகோடில் பி.இ.ஏ. வந்ததும் தேர்வாளர் காத்திருப்பது இந்தப் பட்டியலை நீங்கள் சத்தமாக யோசிப்பதற்குத்தான். அட்ரினலினை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக நின்றால் தேற மாட்டீர்கள்.

குரல்

மெகாகோடு பெரும்பாலும் இப்படிப் போகும்: பல்ஸ் உள்ள ஒருவர், துடிப்பு மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ. நீங்கள் ஏதோ செய்கிறீர்கள். அவர் வி.எஃப்.க்குப் போகிறார். ஷாக்குக்குப் பிறகு பி.இ.ஏ. அல்லது அசிஸ்டோலி. கடைசியில் துடிப்பு திரும்புகிறது. இந்த நான்கு திருப்பத்துக்கும் வாக்கியங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தாலும் சின்னச் சின்ன வாக்கியம் போதும். இலக்கணத்துக்கு மார்க் இல்லை.

வி.எஃப். வந்த அந்த நொடியில் சொல்ல வேண்டியதை அப்படியே சொல்லிப் பாருங்கள்: "ரிதம் வி.எஃப். கம்ப்ரஷன் நிறுத்தாதீங்க. 200 ஜூல் சார்ஜ் பண்ணுங்க. ஆக்ஸிஜனை விலக்குங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஷாக் கொடுங்க. உடனே கம்ப்ரஷன்." சார்ஜ் ஏறும்வரை அழுத்துவது தொடர வேண்டும், ஷாக் போன உடனே பல்ஸ் தேடாமல் மறுபடி அழுத்த வேண்டும். தேர்வாளர் கவனிப்பது இந்த இரண்டையும். இடைவெளி எதுவும் 10 வினாடியைத் தாண்டக் கூடாது. ஜூல் அளவு மெஷின் கம்பெனி சொல்வதுபடி 120 முதல் 200. தெரியாவிட்டால் அந்த மெஷினின் உச்ச அளவு.

உத்தரவு கொடுத்தால் திரும்பி வர வேண்டும். நீங்கள் "அட்ரினலின் 1 மி.கி. ஐ.வி., 20 மி.லி. ஃப்ளஷ்" என்கிறீர்கள். மருந்து சிஸ்டர் அதையே திருப்பிச் சொல்லி, போட்டதும் "போட்டாச்சு, 10:04" என்கிறார். பதில் வராவிட்டால் வேலை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி பெயர் சொல்லிக் கேளுங்கள். யார் தப்பான அளவு சொன்னாலும், லீடர் நீங்களே சொன்னாலும், தடுத்துக் கேட்பது டீமின் கடமை.

சிங்க் பட்டன் பலரைக் கவிழ்க்கிற இடம். சிங்க்ரனைஸ்டு ஷாக்குக்கு முன் இ.சி.ஜி. லீட் ஒட்டியிருக்க வேண்டும், கியூ.ஆர்.எஸ். மேல் குறி விழுகிறதா என்று பார்க்க வேண்டும், ஷாக் பட்டனை ஷாக் போகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் ஷாக் பலிக்காமல் இரண்டாவது கொடுத்தால் பல மெஷினில் சிங்க்கை மறுபடி போட வேண்டும். அதே நோயாளி வி.எஃப்.க்குப் போய்விட்டாலோ சிங்க்கை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் மெஷின் இல்லாத கியூ.ஆர்.எஸ்.ஸைத் தேடிக்கொண்டு ஷாக் தராமல் நிற்கும். உங்கள் வார்டு மெஷினில் அந்தப் பட்டன் எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பாலிமார்ஃபிக் வி.டி.க்கு (அலையின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பது) சிங்க் கிடையாது.

டியூபில் கேப்னோகிராஃபி (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடை அளப்பது) இருந்தால் எண்ணைக் கேளுங்கள். 10-க்குக் கீழே என்றால் அழுத்துவது சரியில்லை, ஆளை மாற்றுங்கள். திடீரென்று 35, 40 என்று ஏறி நின்றால் துடிப்பு திரும்பியிருக்கலாம்.

துடிப்பு திரும்பியதும் "அப்பாடா" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தேர்வு அங்கே முடியவில்லை. ஏர்வே, ஆக்ஸிஜன் 90 முதல் 98-க்குள், சராசரி ரத்த அழுத்தம் (மீன் பிரஷர்) 65-க்குக் குறையாமல், 12 லீட் இ.சி.ஜி., எஸ்.டி. உயர்வு (மாரடைப்பின் அடையாளம்) இருந்தால் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறை), சொன்னது கேட்டு அசையவில்லை என்றால் வெப்பநிலைக் கட்டுப்பாடு 32 முதல் 37.5 டிகிரி. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் டம்மியை விட்டு விலக வேண்டும்.

பழகுவதற்கு டம்மி வேண்டாம். டீ நேரத்தில் மூன்று சிஸ்டர்கள் போதும். ஒருவர் ரிதம் சொல்ல, ஒருவர் லீடர், மற்றவர் மருந்து. ஒரு ஓட்டம் 6 நிமிடம். முதல் வாரம் எல்லாருக்கும் குரல் கம்மும், இரண்டாவது வாரம் சரியாகிவிடும். வெட்கப்படாமல் சத்தமாகப் பேசுங்கள்.

எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 84 சதவீதம், அதாவது 42 சரியாக இருக்க வேண்டும். புத்தகம் பார்க்க அனுமதி உண்டு என்றாலும் ஒவ்வொன்றையும் தேட நேரம் போதாது. அல்காரிதம் (படிப்படியான வழிமுறை) பக்கங்களில் மட்டும் ஒட்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸானபின் மின்னஞ்சலில் இ-கார்டு வரும். பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். நம் ஊரில் இனிஷியலா, அப்பா பெயர் முழுதாகவா என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். பிறகு வெளிநாட்டுச் சான்று சரிபார்ப்பில் அதுவே தடையாகும். தப்பு இருந்தால் சென்டர்தான் திருத்தித் தர முடியும், உடனே கேளுங்கள். கார்டு 2 வருடம் செல்லும். காலாவதி தேதிக்கு 2 மாதம் முன்பே புதுப்பிக்கும் கோர்ஸுக்கு இடம் பிடித்துவிடுங்கள். தேதி தாண்டினால் முழு கோர்ஸையும் மறுபடி செய்யச் சொல்லலாம்.